ரிப்போர்ட் நோயாளிக்குப் போகட்டும், என் கடைக்கு வேண்டாம்

குமரி மாவட்டத்தில் தனியார் மருத்துவமனை, லேப், ஸ்கேன் சென்டர் நடத்தும் நிர்வாகிகளுக்கு,

தக்கலைப் பக்கம் மெயின் ரோட்டில் பதினோரு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின். கரண்ட் பில், பட்டா நகல், பரீட்சை ஹால் டிக்கெட் என்று ஓடிக்கொண்டிருந்த கடை. இப்போது காலை பத்து மணிக்கு மேல் வரும் கூட்டத்தில் பாதி உங்கள் வாசலிலிருந்து நேராக இங்கே வருகிறது. கையில் போன், போனில் ஒரு குறுஞ்செய்தி, அதற்குள் ஒரு லிங்க். "இதைக் கொஞ்சம் பிரிண்ட் எடுத்துத் தா மக்களே."

எனக்கு இது வருமானம்தான். பக்கத்துக்கு ஐந்து ரூபாய், கலர் என்றால் இருபது. நான் இங்கே கேட்பதை எல்லாம் நீங்கள் செய்துவிட்டால் என் கல்லாவில் தினமும் இருநூறு ரூபாயாவது குறையும். குறையட்டும். ஊரில் யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, யாருக்குக் கிட்னி கோளாறு, யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. தெரிய வைத்திருக்கிறீர்கள்.

போன மாதம் அம்மாவை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போன இடத்தில், பில் கவுண்டர் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'ஒன்றாம் தேதி முதல் ரிப்போர்ட் ஆன்லைனில் மட்டுமே. பிரிண்ட் வழங்கப்படாது.' கீழே ஒரு மரத்தின் படம், இயற்கையைக் காப்போம் என்று. அதுவும் பிரிண்ட் எடுத்து ஒட்டிய தாள்தான். எந்த இடம் என்று நான் எழுதப்போவதில்லை. ஒரு இடத்தின் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் எல்லாம் 'நம்மைச் சொல்லவில்லை' என்று நிம்மதியாகிவிடுவீர்கள். பல இடத்து ரிப்போர்ட்டும் என் கடையில்தான் பிரிண்ட் ஆகிறது. பெரிய வித்தியாசம் ஒன்றும் நான் பார்க்கவில்லை.

அந்தத் தாளைப் பார்த்த அதே வாரத்தில் எங்கள் ஊர்ப் பாட்டா ஒருவர், அதே இடத்து ரிப்போர்ட்டுக்காகக் கடைக்கு வந்தார். எண்பதை நெருங்குகிறவர், காலமெல்லாம் ரப்பர் பால் வெட்டியவர். வைத்திருப்பது பட்டன் போன். அதில் லிங்க் எப்படித் திறக்கும்? குறுஞ்செய்தியில் இருக்கும் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்து என் கம்ப்யூட்டரில் நான் அடிக்க வேண்டும். கடைசியில் ஆறு இலக்க எண். அதில் ஒன்றைத் தப்பாக அடித்துவிட்டேன்.

'எண் தவறு' என்று வந்திருக்க வேண்டும், இல்லையா? ஒரு ரிப்போர்ட் திறந்தது. பெயர், வயது, கணவர் பெயர், போன் நம்பர், தேதி, என்ன டெஸ்ட், என்ன முடிவு, எல்லாம் பளிச்சென்று. எனக்குத் தெரிந்த பெண். மூன்று தெரு தள்ளி இருக்கிறாள். அந்த டெஸ்ட் எடுத்ததை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள் என்பது எனக்கு நிச்சயம். சட்டென்று மூடினேன். கண் பார்த்துவிட்டதே, அதை எப்படி மூடுவது? அடுத்த சந்தை நாளில் அவள் எதிரே வந்தபோது நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்ன கோபமோ என்று அவள் நினைத்திருப்பாள்.

பாட்டா பக்கத்து ஸ்டூலில் இருந்தபடி, "என்ன மக்களே, வரலியா?" என்றார். "நம்பர் மாறிப்போச்சு பாட்டா, இருங்க" என்று மறுபடி அடித்தேன். கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

மறுநாள் அந்த இடத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பிள்ளை கேட்டது: "நீங்க எதுக்கு வேற நம்பர் போட்டீங்க?" நேரில் போனேன். மேலாளர் நாற்காலி காட்டினார், தண்ணீர் கொடுத்தார், மரியாதைக்குக் குறைவில்லை. சாஃப்ட்வேர் செய்து கொடுத்தவர்கள் வெளியூர்க்காரர்கள், அவர்களிடம் சொல்கிறோம் என்றார். எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். தேவையில்லை என்றார். ஒரு மாதம் ஆகப்போகிறது.

இதில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. நீங்கள் ரிப்போர்ட்டுக்கு வரிசை எண் போடுகிறீர்கள், அந்த எண்ணையே முகவரியாக வைத்துவிடுகிறீர்கள். இன்றைக்கு வந்தவருடைய எண் தெரிந்தால் நேற்று வந்தவருடையதும் நாளை வரப்போகிறவருடையதும் தெரிந்த மாதிரிதான். கண் மங்கிய நான் தற்செயலாக ஒன்றைத் திறந்தேன். கெட்ட எண்ணத்தோடு ஒருவன் உட்கார்ந்தால், ஒரு சின்ன புரோகிராமை ஓடவிட்டுவிட்டு அவன் தூங்கப் போகலாம். காலையில் உங்கள் ஐந்து வருட ரிப்போர்ட்டும் அவன் கையில் இருக்கும். ஊகிக்க முடியாத நீளமான எழுத்துக்கோவையை முகவரியில் வைப்பது, திறக்கும்போது நோயாளியின் போனுக்கு ஓடிபி அனுப்பிக் கேட்பது, சில நாள் கழித்து லிங்க் தானாகச் செத்துப்போகும்படி செய்வது, இதெல்லாம் எந்த சாஃப்ட்வேர்க்காரருக்கும் தெரிந்த வேலை. நீங்கள் கேட்கவில்லை, அவர்கள் செய்யவில்லை.

பாஸ்வேர்ட் வைக்கிறோமே என்று சிலர் சொல்வீர்கள். அந்த அழகையும் தினமும் பார்க்கிறேன். 'உங்கள் ரிப்போர்ட் இந்த லிங்க்கில். பாஸ்வேர்ட்: உங்கள் பிறந்த வருடம்.' வருடம் நூற்றுக்குள் அடங்கிவிடும். சிலர் நாள், மாதம், வருடம் என்று எட்டு இலக்கம் கேட்கிறார்கள். பார்க்கப் பெரிதாக இருக்கிறது. நூறு வருடத்தில் மொத்தமே சுமார் 36,500 நாள்தான். கம்ப்யூட்டருக்கு அது ஒரு டீ குடிக்கும் நேரம்கூட இல்லை. தவிர, நம் ஊரில் யார் பிறந்த நாள் யாருக்குத் தெரியாது? இன்னும் சிலர் லிங்க்கையும் பாஸ்வேர்டையும் ஒரே குறுஞ்செய்தியில் அனுப்புகிறீர்கள். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டுப் போவது போலத்தான்.

அப்புறம் அந்தப் போன் நம்பர். பதிவு செய்யும் இடத்தில் ஒரு நம்பர் கேட்கிறீர்கள், கூட வந்தவர் தன் நம்பரைச் சொல்கிறார், அதுவே நோயாளியின் நம்பராகிவிடுகிறது. யாருடைய நம்பர் என்று ஒருவரும் கேட்பதில்லை. கூட வந்த மருமகளுக்கு மாமியாருடைய ரிப்போர்ட் போகிறது. மஸ்கட்டில் இருக்கும் மகனுக்கு இங்கே இருக்கும் அம்மாவுடைய ஓடிபி போகிறது. தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்ப வாரக்கணக்காகும். அங்கே எங்கே சிக்னல்? அவர் மனைவி என் கடையில் உட்கார்ந்து ஓடிபிக்குக் காத்திருக்கிறார். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் நம்பர் சில மாதம் கழித்து வேறு யாருக்கோ போய்விடும் என்பது போன் கம்பெனிக்காரர்கள் மறைத்த ரகசியம் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் கொடுத்த நம்பருக்கு இன்றைக்கும் ரிப்போர்ட் அனுப்புகிறீர்கள். எடுத்துப் பார்ப்பது யார்?

நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் வேறொன்று.

பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக வந்த களைப்பு. மகள் வாங்கிக் கொடுத்த டச் போன், கவர்கூடப் புதிது. "ரிப்போர்ட் வந்திருக்காம் பிள்ளே. இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லு." திறந்தேன். பயாப்ஸி ரிப்போர்ட். நான் பிளஸ் டூதான் படித்தேன், ஆனால் இத்தனை வருடம் இத்தனை காகிதம் கையில் புரண்டதில் சில சொற்கள் தெரியும். இரண்டாவது பக்கத்தில், கட்டம் போட்டு, கார்சினோமா என்று இருந்தது. புற்றுநோய்.

"இங்கிலீஷ்ல இருக்குக்கா, எனக்கு விளங்கல. டாக்டர்ட்ட காட்டுங்க" என்றேன். பொய்தான். பிரிண்ட் எடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பக்கம், பத்து ரூபாய். நோட்டை நீட்டினார். "இருக்கட்டும்க்கா" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். அந்த அக்கா நோட்டைப் பிடித்தபடி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் காசு வாங்காததிலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

ஒரு மனுஷிக்கு வாழ்க்கையில் கேட்கக் கூடாத செய்தி ஒரு ஜெராக்ஸ் கடைக்காரியின் முகத்திலிருந்து தெரிந்தது. 1838-இலேயே நெய்யூரில் மிஷன் மருத்துவம் தொடங்கிய மாவட்டம் இது. எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர் சாமர்வெல், எங்கும் போயிருக்கக் கூடியவர், அந்த ஊரில் வந்து உட்கார்ந்து அறுவை சிகிச்சை செய்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதும் வைத்தியம்தான் என்று நம் பாட்டிமார் அந்தக் காலத்து டாக்டர்களைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ரிப்போர்ட்டை மறைத்து வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது அவருடையது, உடனே அவர் கையில் போக வேண்டும். லிங்க் அனுப்புவதற்கு முன்னால் ஒரு நர்ஸ் போனில் கூப்பிட்டு, "நாளைக்குக் காலையில வீட்டாள் ஒருத்தரையும் கூட்டிட்டு டாக்டரைப் பாக்க வாங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

என் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்த அக்கா போன அன்றைக்கு ராத்திரி கடையைச் சாத்திவிட்டு டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். 612 ஃபைல். ரிப்போர்ட் 1, ரிப்போர்ட் 2 என்று வரிசையாக. மூன்று மாதத்து ஊர் நோய் முழுக்க அதில் கிடந்தது. வாட்ஸ்அப்பில் இருந்து பிரிண்ட் எடுக்க என் கம்ப்யூட்டரில் தங்கள் வாட்ஸ்அப்பை இணைத்தவர்கள் இரண்டு பேர் வெளியேறாமலே போயிருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பேச்செல்லாம் என் திரையில் வந்துகொண்டிருந்தது. அதைவிட மோசம், மங்கலாக விழுந்த தாள்களைப் பின்பக்கம் எழுதுவதற்கு என் மகளுக்குக் கொடுப்பது வழக்கம். அவள் கணக்கு நோட்டுக்குப் பதில் வைத்திருந்த தாள்கட்டுக்குள் யாருடையதோ கிட்னி டெஸ்டின் கிரியாட்டினின் அளவு இருந்தது. அதன் முதுகில் அவள் வகுத்தல் கணக்குப் போட்டிருந்தாள்.

அன்றைக்கே எல்லாவற்றையும் அழித்தேன், ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து. இப்போது பிரவுசரில் தடம் வைக்காத ஜன்னலில்தான் திறக்கிறேன். பிரிண்ட் விழுந்ததும் அவர்கள் கண் முன்னாலேயே ஃபைலை அழிக்கிறேன், வாட்ஸ்அப்பை அவர்கள் போனிலேயே 'இணைத்த சாதனங்கள்' என்ற இடத்தில் போய் வெளியேற்றச் சொல்கிறேன். கெட்ட தாளைக் கிழித்து அடுப்பில் போடுகிறேன். இது நான் ஒருத்தி. களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை எத்தனை ஜெராக்ஸ் கடை, எத்தனை பிரௌசிங் சென்டர்? உங்கள் நோயாளியின் ரகசியம் அத்தனை கடைக்காரர்களின் நல்ல மனசை நம்பித்தான் இருக்கிறது.

நீங்கள் கேட்கலாம், சட்டத்தில் என்ன இருக்கிறது என்று. கொஞ்சம் படித்துப் பார்த்தேன். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், உள்நோயாளியின் பதிவேட்டை சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்கின்றன. 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட மின்னணு மருத்துவப் பதிவேடு விதிமுறை, பதிவேட்டில் உள்ள தகவலுக்கு உடைமைக்காரர் நோயாளிதான், மருத்துவமனை அவர் சார்பில் அதை வைத்துப் பாதுகாக்கிறது என்கிறது. மருத்துவ விவரம் கூர்ந்து காக்க வேண்டிய தகவல் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011 விதிகளிலேயே இருக்கிறது. எச்.ஐ.வி. தொடர்பாகவும் மனநலம் தொடர்பாகவும் 2017-இல் வந்த சட்டங்கள் இரண்டும் ரகசியம் காப்பதைத் தனியாக வலியுறுத்துகின்றன. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு வைக்காமல் தகவலைக் கசியவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அவகாசம் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிட முடியாது. அந்தப் பெண்ணுடைய ரிப்போர்ட் இன்றைக்குத் திறக்கிறது.

72 மணி நேரம் என்பது எனக்குச் சொந்த அனுபவம். என் மாமனார் படுத்திருந்த இடத்தில் இன்ஷூரன்ஸுக்காகக் கேஸ் ஷீட் நகல் கேட்டேன். பதிவேடுகளை வைத்திருக்கும் எம்.ஆர்.டி. பிரிவில் ஆள் இல்லை என்றார்கள், பிறகு டாக்டர் லீவு என்றார்கள், பிறகு "எதுக்குக் கேக்கறீங்க, கேஸ் போடவா?" என்றார்கள். பத்தொன்பதாம் நாள் கைக்கு வந்தது, நடுவில் இரண்டு பக்கம் இல்லாமல். ஆக, உரியவர் கேட்டால் பத்தொன்பது நாள். கேட்காதவள் கண்ணில் ஒரு நொடியில் விழுகிறது. இந்த முரண் உங்களுக்கு உறுத்தவே இல்லையா?

இன்னொரு ஆபத்து. இன்ன இடத்திலிருந்துதான் வரும், இப்படித்தான் வரும் என்று உங்கள் குறுஞ்செய்திக்கு ஒரு அடையாளமே இல்லை. சுருக்கிய லிங்க், ஏதோ ஒரு தனி நம்பரிலிருந்து வாட்ஸ்அப். அதனால் யார் அனுப்பினாலும் மக்கள் திறந்துவிடுகிறார்கள். குளச்சல்கார வாடிக்கையாளர் ஒருவர் 'லேப் ரிப்போர்ட்' என்று வந்த ஒரு ஃபைலைத் தட்டினார். அது ரிப்போர்ட் இல்லை, ஏபிகே என்ற ஆப் ஃபைல், தட்டினால் போனுக்குள் உட்கார்ந்துகொள்ளும். பதினான்காயிரம் ரூபாய் போயிற்று. சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு உடனே கூப்பிடுங்கள் என்று நான்தான் எண்ணை அழுத்திக் கொடுத்தேன். நிஜமாகவே அந்த வாரம் அவர் டெஸ்ட் எடுத்திருந்தார், அதனால்தான் நம்பினார். ரிப்போர்ட் ஃபைல் வேறு, ஆப் வேறு என்று உங்கள் கவுண்டரில் ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தால் போதும். மரம் படத்துக்கு இருந்த இடம் அதற்கு இல்லாமல் போயிற்று.

ஆன்லைனே வேண்டாம் என்று சொல்லும் ஆள் இல்லை நான். சொல்லப்போனால் நம் மாவட்டத்துக்குத்தான் அது மற்றவர்களைவிட அதிகம் தேவை. இங்கே ஆரம்பிக்கும் வைத்தியம் பாதிக்குப் பாதி திருவனந்தபுரத்தில் போய் முடிகிறது. காலை ரயிலில் பாருங்கள், மடியில் மஞ்சப்பை, பைக்குள் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் எட்டு வருட எக்ஸ்ரேயும் சீட்டும். ஒன்று தொலைந்தால் அங்கே மறுபடி டெஸ்ட், மறுபடி காசு. 2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் இதற்காகத்தானே? ஒருவருடைய மருத்துவப் பதிவேடுகளை இணைக்கும் 14 இலக்க ஆபா எண், மாநில எல்லை கிடையாது. பதிவேடு உங்கள் இடத்திலேயே இருக்கும். நோயாளி தன் ஆப்பில் சம்மதம் கொடுத்தால் மட்டும், அவர் சொன்ன ரிப்போர்ட் மட்டும், அவர் சொன்ன நாள் வரைக்கும் அடுத்த டாக்டர் பார்க்கலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம். நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனால் நடப்பது என்ன? உங்கள் கவுண்டரில் "ஆதார் குடுங்க, ஓடிபி சொல்லுங்க" என்று இரண்டே வார்த்தையில் ஆபா எண் உண்டாக்கிவிடுகிறீர்கள். எதற்கு என்று யாருக்கும் தெரியாது, விருப்பம் இருந்தால் மட்டும் எடுக்கலாம் என்றும் யாரும் சொல்வதில்லை. என் கடைக்கு அந்தக் கார்டை லேமினேட் செய்ய வருகிறார்கள். அவர்கள் கேட்கிறார்களே என்று ஆப்பைத் திறந்து காட்டுகிறேன். உள்ளே ஒன்றும் இல்லை. எண்ணை உண்டாக்கியவர்கள் ரிப்போர்ட்டை அதில் சேர்க்கவில்லை. கதவு எண் மட்டும் ஆணியடித்து வைத்த காலி மனை.

தாளே வேண்டாம் என்ற முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை ஹேக்கர்கள் முடக்கினார்கள். நாட்டின் முதன்மையான மருத்துவமனையே பல நாள் கையால் சீட்டு எழுதி ஓட்டியது. அங்கேயே அப்படி என்றால், மழை பெய்தால் கரண்ட் போகும் நம் ஊரில், சாஃப்ட்வேர்க்காரர் யார் என்று மேலாளருக்கே சரியாகத் தெரியாத இடத்தில், கையில் ஒரு தாள்கூட இல்லாமல் நோயாளியை அனுப்புவது எந்த தைரியத்தில்?

இனி நான் கேட்பவை.

பிரிண்ட் கொடுப்பதை நிறுத்தியவர்கள் இந்த வாரமே மீண்டும் தொடங்க வேண்டும். டெஸ்டுக்குக் கொடுக்கும் ஐந்நூறு ரூபாயில் இரண்டு தாளின் விலையும் இருக்கிறது. ஆன்லைன் மட்டும் போதும் என்று நோயாளி தானாகச் சொன்னால் கொடுக்காதீர்கள், அது அவர் விருப்பம்.

பதிவு செய்யும்போது 'இது யார் நம்பர், ரிப்போர்ட் இதற்குப் போகலாமா' என்று நோயாளியிடமே கேளுங்கள். முடிந்தால் கூட வந்தவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிக் கேளுங்கள். பெண்களிடம் அவசியம் கேளுங்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் பழைய நம்பர் இன்னும் அவர் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டன் போன் வைத்திருப்பவருக்கு லிங்க் அனுப்பாதீர்கள், தாள் கொடுங்கள்.

பிறந்த நாளையும் பில் நம்பரையும் பாஸ்வேர்டாக வைப்பதை விடுங்கள். ஓடிபி இல்லாமல் எந்த ரிப்போர்ட்டும் திறக்கக் கூடாது. ரிப்போர்ட்டை யார் யார் எப்போது திறந்தார்கள் என்ற கணக்கு உங்களிடம் இருக்க வேண்டும், நோயாளி கேட்டால் காட்ட வேண்டும். பயாப்ஸி போன்ற பெரிய முடிவுகளில் லிங்க்குக்கு முன்னால் ஒரு போன் கால். ஆபா எண் எடுத்தவர்களுக்கு ரிப்போர்ட்டையும் அதில் சேருங்கள். எடுக்க விருப்பமில்லாதவரை விட்டுவிடுங்கள், அதற்காக டோக்கனை நிறுத்தாதீர்கள்.

கேஸ் ஷீட் கேட்பவருக்கு, கேட்ட தேதி போட்டு ஒப்புகைச் சீட்டு கொடுங்கள். 72 மணி நேரத்தை அந்தச் சீட்டிலிருந்துதான் எண்ண முடியும்.

மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் இந்த மடலின் நகலை அனுப்புகிறேன். அந்த அலுவலகத்தாருக்கு ஒரு வார்த்தை: 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்படி இவர்களுடைய பதிவைப் பார்ப்பவர்கள் நீங்கள். ஆய்வுக்குப் போகும்போது படுக்கையையும் குப்பைத் தொட்டியையும் பார்ப்பதோடு, ரிப்போர்ட் எப்படி அனுப்புகிறார்கள் என்று உங்கள் சொந்த போனில் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். வரிசை எண்ணில் ஒன்றைக் கூட்டிப் போடுங்கள். நான் போட்டால் குற்றம், நீங்கள் போட்டால் ஆய்வு.

கடைசியாக, முதலில் சொன்ன அந்த இடத்துக்கு. நீங்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். நேற்றுச் சாயங்காலம் என் அம்மாவின் ரிப்போர்ட் எண்ணை மட்டும், வேறொன்றும் தொடாமல், கடைக் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தேன். பாஸ்வேர்ட் கேட்கவில்லை, ஓடிபி கேட்கவில்லை, ரிப்போர்ட் வந்து நின்றது. மற்றதெல்லாம் அடுத்த மாதம் செய்யுங்கள். அந்தப் பக்கத்தை இன்றைக்கே மூடுங்கள். இத்தனை நாள் அது திறந்து கிடந்தது என்று அதில் பெயர் இருக்கும் ஒவ்வொருவருக்கும் நீங்களே சொல்லுங்கள். மூன்று தெரு தள்ளி இருப்பவளுக்கும்.

இப்படிக்கு,
தக்கலைப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரி